நாத்தனாரும் வடக்கு அம்பும்

என் நாத்தனார் அரசாங்க வரைபடக்காரி ஆன கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் வீட்டுக்காரர் சொல்லும் கதையில் அவரும் ஓடி ஓடி உழைத்ததாக வரும். தேர்வு அன்றைக்கு அவர் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். கூடப் போனவள் நான். படப்பலகையைச் சுமந்தவள் நான். ஐஸ் கட்டி மேல் உட்கார்ந்தவளும் நான்தான். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. கூடத்துத் தரையில் பெரிய தாளை விரித்து, குப்புறப் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்க வேண்டாமா? "அண்ணி, கொஞ்சம் நகருங்க, ஆத்து மேல நிக்கிறீங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போனதும் இல்லை, ஒருநாள் பேசாமல் இருந்ததும் இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அச்சகம். அங்கேதான் அவளுக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கடைதிறப்பு நோட்டீஸ் எல்லாவற்றிலும் கீழே ஓரமாக, மண்டபத்துக்கு எப்படி வருவது என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் இருக்கும் அல்லவா? அதைப் போடுவது அவள். டிரேசிங் தாளில் கருப்பு மையால் கோடு இழுத்து, எறும்பு சைஸ் எழுத்தில் பெயர் எழுதுவாள். அச்சகத்தில் அவளுக்குப் பெயரே ரூட்டக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம்.

அந்தப் படங்களுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். பஸ் நிலையம் எப்போதும் கீழே. போய்ச் சேர வேண்டிய இடம் எப்போதும் மேலே. நடுவில் சாலை எத்தனை வளைந்தாலும் படத்தில் நேர்க்கோடு. வடக்கு தெற்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஒருதரம் நான் கேட்டேன், ஏன்டி இப்படி இஷ்டத்துக்குப் போடுகிறாய் என்று. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் பார்ப்பார், அவருக்கு முன்னால் இருப்பது படத்தில் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பதினாறு வருடம் அப்படியே போட்டாள். ஒரு ஆள் வழி தவறியதாகப் புகார் வந்ததில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. வரைபடத் துறையில் வரைபடக்காரர் பணி, காலியிடம் இரண்டு. புவியியலில் பட்டம் வேண்டும். அதை அவள் தபால் வழியில் படித்து வாங்கியிருந்தாள். படம் வரைந்த அனுபவச் சான்றிதழ் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு முப்பத்தைந்து முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. அந்தத் துறையில் ஆள் எடுப்பது நாலு வருடத்துக்கு ஒருமுறை. இதை விட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது.

அப்படி என்ன அரசாங்க மோகம் என்று நான் கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டேன். அவள் கோபப்படவில்லை. பேனா நிப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போடுற படத்தைக் கல்யாணம் முடிஞ்ச மறுநாள் தூக்கிப் போட்டுடுறாங்க அண்ணி. அதுல சுண்டல் மடிச்சுக்கூடப் பார்த்திருக்கேன். ஒரே ஒரு படமாவது பீரோவுல வச்சுப் பூட்டுற மாதிரி போடணும்."

நான் விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டப் பசை கலக்கப் போனேன்.

அச்சக முதலாளியிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டோம். நல்ல மனுஷன், எழுதுவதில் மட்டும் அடக்கம் கிடையாது. 'இவர் போட்ட படத்தைப் பார்த்து இந்த உலகத்தில் எவரும் வழி தவறியதில்லை' என்று எழுதி, அச்சகத்தின் எல்லா முத்திரைகளையும் வரிசையாகக் குத்திக் கொடுத்தார். 'அவசரம்' என்ற முத்திரையும் அதில் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஆரம்பித்தது அட்டூழியம். கல்யாணப் பத்திரிகைப் படம் வேறு, அரசாங்கப் படம் வேறாம். அங்கே எல்லாம் அளவு. நிஜத்தில் நூறு மீட்டர் என்றால் தாளில் இத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு விகிதம், அதில் மயிரிழை பிசகக் கூடாது. வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும். பதினாறு வருடப் பழக்கத்தை மாற்றுவதற்காக எங்கள் வீட்டையே படம் போட ஆரம்பித்தாள். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனை அவள் கையில். அடுப்பில் பால் பொங்கும், நான் சுவரோரம் நாடாவைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பேன். அளந்து முடித்ததில் எங்கள் படுக்கையறை சதுரமே இல்லை என்று தெரிந்தது. ஒரு மூலை முக்கால் அடி உள்ளே போயிருந்தது. இந்த வீட்டைத் தன் மேற்பார்வையில் கட்டியதாக என் வீட்டுக்காரர் இருபது வருடமாகப் பெருமை பேசியவர். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்ட நான், வீட்டிலிருந்து கடைவரை எத்தனை எட்டு என்று தினமும் எண்ணிக்கொண்டு போய் வந்து அவளிடம் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் தபாலில் நுழைவுச் சீட்டு வந்தது. பிரித்தவள் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு வழிகாட்டும் படம் ஒன்றைச் சீட்டின் கீழே அச்சடித்திருந்தார்கள். அது அவள் போட்ட படம். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா அழைப்பிதழுக்காகப் போட்டதை, அப்படியே வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஊருக்கே படம் போடுகிற துறைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வழி போடத் தெரியவில்லை பாருங்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி அரசாங்கம் என் படத்தைப் போட்டிருக்கு என்று காட்டினாள். படத்தின் மேல் மூலையில் துறையின் வட்ட முத்திரை மை வழிந்து அப்பியிருந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. பத்து மணிக்குத் தேர்வு, ஒன்பதே முக்காலுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். நாங்கள் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். அவள் கையில் பேனாப் பெட்டி, அளவுகோல், திசைகாட்டி. என் கையில் படப்பலகை. கதவைக் கழற்றி எடுத்து வந்த கனம் இருந்தது அது. வாசலில் வருகைப் பதிவேடு, கையெழுத்துப் போட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு மேசை போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்திருப்பது மூன்று பேர். இவளோடு நாலு.

கொஞ்சம் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் மெதுவாகக் கொதித்து மேலே வந்தது. இரண்டு இடம், நாலு பேர். அதில் ஒருவர் மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பென்சிலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் இவள் காதில், உனக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது என்றேன்.

இவளோ பென்சில் தின்கிறவரிடம் போய், எப்படி வந்தீர்கள் என்று விசாரித்தாள். மாமா பைக்கில் கொண்டுவந்து விட்டார் என்றார். தூங்குகிறவர் அதே தெருக்காரர். மூன்றாவது ஆள் அந்தப் பள்ளியிலேயே படித்தவர். யாரும் படத்தைப் பார்த்து வரவில்லை. இவள் பென்சில்காரரின் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவருடையதில் முத்திரை வேறு பக்கம் விழுந்திருந்தது. மேல் மூலை சுத்தமாக இருந்தது. அந்த மூலையில் அழகாக ஒரு அம்புக்குறி, மேலே பார்த்தபடி. அதன் தலையில் 'வ' என்று ஒரு எழுத்து.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, இந்தப் பள்ளிக்கூடம் பஸ் நிலையத்துக்குத் தெக்கால இருக்கு. நான் பஸ் நிலையத்தைக் கீழ வச்சுப் போட்டேன். யாரோ இதுல வடக்கு அம்பைப் போட்டிருக்காங்க."

"போட்டா என்ன? கண்ணு இருக்கிறவங்க படத்துல இருக்கிற தண்ணித் தொட்டியைப் பார்த்து வரவேண்டியதுதானே?"

"சாதாரண ஜனம் வந்துடும். இவங்க எல்லாம் வரைபடக்காரங்க. திசைகாட்டியை எடுத்து வடக்கைப் பார்த்துத்தான் நடப்பாங்க."

அப்போது கையில் போன் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும். அவள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தாள், கண்ணை மூடினாள், விரலால் காற்றில் கோடு இழுத்தாள். பஸ் நிலையத்திலிருந்து வடக்கே போனால், படத்தில் இருப்பது போலவே அங்கேயும் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு, அதைத் தாண்டி இரண்டாவது இடது சந்து, அதன் முடிவில் நீல கேட் என்று முணுமுணுத்தாள். படத்தில் பள்ளிக்கூடத்துக்கு அடையாளமாக 'நீல கேட்' என்று எழுதியிருந்தது அவள்தான். கண்ணைத் திறந்து, எல்லாரும் ஐஸ் ஃபேக்டரி வாசலில் நிற்பார்கள் என்றாள்.

நிற்கட்டுமே! நான் அதைத்தான் சொன்னேன். அழகாகச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், அப்புறம் பல்லைக் கடித்துச் சொன்னேன். இது உன் கடைசி வாய்ப்பு, அம்பைப் போட்டது நீ இல்லை, பேசாமல் உள்ளே போய் உட்கார் என்றேன்.

"என் படத்தைப் பார்த்து வந்தவங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். நானும் ஓடினேன், வேறென்ன செய்ய? பலகையைக் கீழே வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை. எதிர்க்காற்று அடித்தபோது பலகை என்னைத் திருப்பிப் பள்ளிக்கூடம் பக்கமே கொண்டுபோகப் பார்த்தது. ஒரு பஸ்ஸில் தொற்றினோம். பலகைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரை நான் பார்த்த பார்வையில் அவர் முன்பக்கம் போய்விட்டார்.

ஐஸ் ஃபேக்டரி வாசலில் முப்பத்தேழு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் திசைகாட்டி. நீல கேட்டை ஒட்டி வரிசை கட்டி, வரிசை எண்படி நின்றார்கள். காவலாளி பாவம், எட்டு மணியிலிருந்து இது ஐஸ் ஃபேக்டரி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். படத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வழியில் இல்லையே என்று நான் கேட்டேன். அதை இடித்திருப்பார்கள் என்று முடிவு செய்தார்களாம். சரி, யாரிடமாவது வழி கேட்க வேண்டியதுதானே? கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் எனக்கு நிதானமாக விளக்கினார். இந்த வழி கண்டுபிடிப்பதே முதல் தேர்வாக இருக்கலாமாம், வழி கேட்டால் காப்பி அடித்த கணக்கில் வந்துவிடுமாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இத்தனை படித்த ஆட்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

இவள் ஒரு கல் மேல் ஏறி நின்று விஷயத்தைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. வடக்கு இதோ இருக்கிறது என்று முப்பத்தேழு திசைகாட்டிகளை நீட்டினார்கள். வடக்கு சரி, படம்தான் தெற்கே பார்க்கிறது என்றாள் இவள். படம் எப்படித் தெற்கே பார்க்கும் என்று விவாதம் கிளம்பியது. மணி ஒன்பது முப்பத்தைந்து. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பலகையைத் தூக்கி கேட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"இவதான் இந்தப் படத்தைப் போட்டவ. போட்டவளுக்குத் தெரியாதா, பார்க்கிற உங்களுக்குத் தெரியுமா? பரீட்சை எழுதணும்னா வாங்க. இல்லன்னா இங்கயே ஐஸ் வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க."

அப்புறம்தான் அசைந்தார்கள். இத்தனை பேர் எப்படிப் போவது? கேட் திறந்து லோடு லாரி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. காவலாளி, இந்தக் கூட்டம் வாசலை விட்டுப் போனால் போதும் என்று, டிரைவரிடம் தானே பேசி ஏற்றிவிட்டார். வைக்கோல் மூடிய ஐஸ் கட்டிகளின் மேல் முப்பத்தேழு வருங்கால வரைபடக்காரர்களும் என் நாத்தனாரும் நானும். உட்காரவும் முடியவில்லை, நின்றால் வழுக்குகிறது. என் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டை, அந்த நிலையிலும் திசைகாட்டியைப் பார்த்து, நாம் இப்போது தெற்கே போகிறோம் என்று கவலையோடு அறிவித்தார்.

பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. கேட் மூடியிருந்தது. உள்ளே தேர்வு அதிகாரி நின்றார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நாலு நிறப் பேனாக்கள். முழங்கால்வரை நனைந்து, தலையில் வைக்கோலோடு லாரியிலிருந்து குதிக்கும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனார். நான் நடந்ததைச் சொன்னேன். கட்டம் போட்ட சட்டையும் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிழை சீட்டில் என்றால் இவர்களை அனுமதிக்க விதி இருக்கிறது என்று கேட்டைத் திறந்தார். முப்பத்தேழு பேரும் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். முதல் ஆளாகப் போனது கட்டம் போட்ட சட்டை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக நாத்தனார் காலை எடுத்து வைத்தாள். அதிகாரி கையை நீட்டி மறித்தார். பதிவேட்டைத் திறந்து காட்டினார். இவள் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டு, ஒன்பது பன்னிரண்டுக்கு வெளியேறியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வளாகத்தை விட்டுப் போனவர் தேர்வை முடித்துக்கொண்டவராகக் கருதப்படுவார், விதி பதினொன்று. இவளுடைய வெற்றுத்தாளை உறையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டியே விட்டாராம்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பேனாப் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. இத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்த்தவள் வெளியே, வழியைத் தொலைத்த அத்தனையும் உள்ளே. நான் அழுதால் காரியம் நடக்காது என்று தெரியும். அதனால் மருந்துக்கடைக் குரலை எடுத்தேன். அது தணிந்த குரல், பாதி டாக்டர்களுக்கு அதைக் கேட்டால் பயம்.

"சார், அந்தப் படத்துல அம்பு போட்டது யாரு?"

"நான்தாம்மா" என்றார் பெருமையாக. "ஊர்ப் படம் ரகசியம், அதை அச்சடிக்க முடியாது. பள்ளிக்கூடம் குடுத்த படத்துல வடக்கு அம்பு இல்ல. அம்பு இல்லாத படம் எங்க துறையை விட்டு வெளிய போகக் கூடாது. விதி மூணு."

"அம்பு போடுறதுக்கு முன்னால வடக்கு எதுன்னு பார்க்கணும்னு விதி ஏதாவது இருக்கா சார்?"

நான் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படப்பலகை மேல் வைத்து, பேனாவோடு அவரிடம் நீட்டினேன். இந்த அம்பைப் போட்டது நான்தான் என்று அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், மேலிடத்துக்கு நானே அனுப்பிவிடுகிறேன் என்றேன். தபால் செலவு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார். உள்ளே காத்திருக்கும் நாற்பது பேரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் 'வெளியேறினார்' என்பதை அடித்து, 'துறைப் பணி நிமித்தம் சென்று திரும்பினார்' என்று எழுதினார். அரக்கு உடைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்வரை நான் கேட்டை விட்டு நகரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் துறை அலுவலகப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். போய்ப் பார்த்தோம். இரண்டு இடம். இவள் மூன்றாவது. இரண்டாவது யார் தெரியுமா? கட்டம் போட்ட சட்டை. அன்றைக்கும் அதே சட்டையில் வந்து பலகை முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்.

என் வாயில் என்னென்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. ஐஸ் ஃபேக்டரியிலேயே உறைந்து போயிருக்க வேண்டிய ஆசாமி. நடுத்தெருவில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"நாப்பத்தொரு பேர்ல மூணாவது அண்ணி" என்றாள். "நாலு பேர்ல முதலாவதா வந்திருந்தா, எனக்கு நெஜமாவே படம் போடத் தெரியுமான்னு கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

தெரிந்து என்ன பிரயோசனம் என்று கத்தினேன். ஆனால் பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது. மூன்றாவது வந்தவர் ஒரு வருடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பார், இருவரில் எவராவது விலகினால் அழைக்கப்படுவார். அதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கட்டம் போட்ட சட்டையின் முகவரியும் பட்டியலில் இருந்தது. கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. பேப்பரை விரித்து வைத்து, வரைபடக்காரர் வேலையைவிட நல்ல வேலை எதுவென்று தேடுவேன். கல்லூரி விரிவுரையாளர், வங்கி அதிகாரி, துறைமுகக் கண்காணிப்பாளர், கப்பலில் ஒரு வேலைகூட. எல்லாவற்றையும் வெட்டி, தங்கள் திறமைக்கு இதுவே தகும் என்று ஒரு வரி எழுதி, உறையில் போட்டு, பழக்க தோஷத்தில் பின்பக்கம் எங்கள் வீட்டு முகவரியும் எழுதி அவருக்கு அனுப்பிவிடுவேன். வீட்டுக்காரர் கேட்டால் சமையல் குறிப்பு சேர்க்கிறேன் என்பேன். நாத்தனாரிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் நியாயம் பேசியே என்னைக் கொன்றுவிடுவாள். அவள் பாட்டுக்கு அச்சகத்துக்குப் போய்வந்தாள், பத்திரிகைப் படங்கள் போட்டாள். பிறந்தநாள் வந்து போனது. அன்றைக்கு மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பத்தாவது மாதம் பதிவுத் தபால் வந்தது. இரண்டாமிடத்தவர் வேலையை விட்டு விலகிவிட்டார், பதினைந்து நாளுக்குள் வந்து சேரவும் என்று உத்தரவு. கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் ஆகிவிட்டாராம். கையில் உத்தரவோடு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கோ கால் தரையில் இல்லை. அதற்கு மேல் அடக்க முடியுமா? வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இது தானாக நடந்ததல்ல, எல்லாம் என் வேலை என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். கல்லூரி விளம்பரத்தை நானே என் கையால் வெட்டி அனுப்பினேன் என்று மார்தட்டினேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தன் அறைக்குள் போய்த் தபால் கட்டு ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நூல் போட்டுக் கட்டிய உறைகள், தேதி வரிசையில் முப்பத்தெட்டு. எல்லாம் என் கையெழுத்து. எல்லாவற்றின் மேலும் 'முகவரியில் ஆள் இல்லை' என்று தபால்காரரின் முத்திரை. நான் குறித்து வந்த கதவு எண் தப்பு. ஊரில் உள்ள டாக்டர்கள் கிறுக்கலை எல்லாம் படிப்பேன், என் கிறுக்கலைப் படிக்கத் தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டைக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. மனுஷன் தானாகவேதான் போயிருக்கிறார்.

மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்கு வரும்போது திரும்பி வந்த உறை தபால் பெட்டியில் கிடக்கும், நான் பார்ப்பதற்கு முன் எடுத்துவிடுவாளாம். முதல் உறையை மட்டும் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல? சரியான நம்பரைச் சொல்லியிருந்தா மாத்தி எழுதியிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல."

"அப்ப நிறுத்தச் சொல்லியிருக்கலாமே. பத்து மாசமா ஒருத்தி வேலைமெனக்கெட்டு வெட்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் உறைகளின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"நானே ஆசையை விட்டுட்டேன் அண்ணி. பொறந்த நாள் அன்னைக்கே விட்டுட்டேன். ஆனா ஒவ்வொரு வாரமும் பொட்டியைத் தொறந்தா கவரு இருக்கும். சரி, அண்ணி இன்னும் விடலன்னு நெனச்சுக்குவேன். அது வேணும்போல இருந்துச்சு, அதான்."

நான் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அதற்கப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.